மாதக் கட்டண டிவியை நிறுத்திய வீட்டில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், குரூண், சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் தாமான் என்னும் குடியிருப்புகளிலும் இப்போது கூரையில் இரண்டு பொருள்கள் தெரிகின்றன. ஒன்று, ஆகாயத்தைப் பார்த்திருக்கும், மாதக் கட்டணத் துணைக்கோள் டிவியான ஆஸ்ட்ரோவின் பழைய தட்டு. இன்னொன்று, ஜெராய் மலையைப் பார்த்திருக்கும் ஏரியல். வீட்டுக்குள்ளே மூன்றாவதாக ஒரு ரௌட்டர் மினுக்கிக்கொண்டிருக்கும். மாதாமாதம் கட்டிய பில்லை நிறுத்தியாயிற்று, சரி. ஆனால் முன்பு படம் நின்றால் ஒரே ஒரு நம்பருக்குப் போன் அடித்தால் போதும். இப்போது அந்த வேலைக்கு ஆள் நீங்கள்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் டிவிக்குப் படம் இரண்டு தனித்தனி வழிகளில் வருகிறது. மலைக் கோபுரத்திலிருந்து ஏரியல் வழியாக மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு வருகிறது. இன்டர்நெட்டிலிருந்து ரௌட்டர் வழியாக ஸ்ட்ரீமிங் வருகிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே முதல் சோதனை இதுதான்: 102-ஆம் சேனலில் டிவி2 வருகிறதா? யூடியூப் ஓடுகிறதா? 102 இல்லை, யூடியூப் உண்டு என்றால் கோளாறு ஏரியல் பக்கம். 102 உண்டு, யூடியூப் இல்லை என்றால் இன்டர்நெட் பக்கம். இரண்டுமே இல்லை என்றால் டிவியையும் மின்சாரத்தையும் பாருங்கள். யூடியூப் ஓடி, வேறொரு ஆப் மட்டும் ஓடவில்லை என்றால் ரௌட்டரைத் தொடவே வேண்டாம். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் கூரை ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கேபிளையும் மாற்றி, ஏரியலையும் திருப்பி, டீகோடரையும் ரீசெட் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கூரை ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மழை ஈரத்தில் ஸிங்க் கூரையில் கால் வைக்காதீர்கள். அலுமினியக் கம்பத்தை நிமிர்த்தும்போது வீட்டுக்கு வரும் மின்கம்பி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடிமழை வரும்போல் இருந்தால் டிவி பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இடி தொடங்குவதற்கு முன்பே ஏரியல் கேபிளையும் டீகோடரிலிருந்து கழற்றி விடுங்கள். மின்னல் அந்தக் கேபிள் வழியாகவும் வரும்.

ஒரு சேனலும் இல்லை, "தியாடா இஷாராத்" (சிக்னல் இல்லை) என்று மட்டும் வருகிறது

முதலில் ரிமோட்டில் "சோர்ஸ்" பொத்தானை அழுத்துங்கள். டீகோடர் எச்டிஎம்ஐ 1-இல் இருக்க, டிவி எச்டிஎம்ஐ 2-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். பேரப்பிள்ளைகள் கேம் விளையாடிவிட்டுப் போன மறுநாள் வரும் புகாரில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

அது சரியாக இருந்தால், கேபிள் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். "தட்டு ஏற்கெனவே இருக்கிறதே, அந்தக் கேபிளையே மைஃப்ரீவியூவுக்கான மைடிவி டீகோடரில் சொருகினால் என்ன?" என்று பலர் செய்துபார்ப்பது உண்டு. வராது. தட்டு பிடிப்பது துணைக்கோள் அலை. மைஃப்ரீவியூ மலைக் கோபுரத்திலிருந்து வரும் யுஎச்எஃப் அலை. அதைத் தட்டின் மூக்கில் இருக்கும் எல்என்பி பிடிக்காது. ஆனால் அந்தத் தட்டுக்கு இழுத்த கேபிள் வீணில்லை. பெரும்பாலும் அது ஆர்ஜி6 கேபிளாகத்தான் இருக்கும், ஏரியலுக்கும் அதுவே போதும். எல்என்பியிலிருந்து கழற்றி ஏரியலில் மாட்டுங்கள். மறுமுனையைப் பழைய டீகோடரிலிருந்து மறக்காமல் எடுத்து விடுங்கள். அந்தப் பெட்டி எல்என்பிக்காக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலே அனுப்பும். ஏரியலுக்கு அது ஆகாது.

பழைய காலத்து ஏரியல் என்றால் இன்னொன்றைப் பாருங்கள். ஆள் கை நீளத்துக்குக் கம்பிகள் இருந்தால் அது விஎச்எஃப் ஏரியல். இப்போது உதவாது. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-உடன் நாடு முழுக்க முடிந்துவிட்டது. இப்போது வருவது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை, அதற்குக் குட்டைக் கம்பி யுஎச்எஃப் ஏரியல் வேண்டும். கம்பிகள் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். டிவியும் அந்த டிவிபி-டி2-ஐப் படிக்க வேண்டும். பழைய தட்டையான டிவி பலவற்றில் அந்த வசதி இல்லை, அவற்றுக்குத் தனி டீகோடர் கட்டாயம்.

எல்லாம் சரி, இன்னும் சேனல் இல்லையா? மெனுவில் நாடு "மலேசியா" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாடு தேர்வாகியிருந்தால் சேனல் எண்கள் தாறுமாறாக வரும், சில வராமலே போகும். மாற்றிவிட்டு முழுத் தேடல் ஒன்று ஓட்டுங்கள். டீகோடருக்குள் "ஏரியல் பவர்" என்று ஓர் அமைப்பு உண்டு. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் இல்லாத சாதாரண ஏரியலுக்கு அது அணைந்திருக்க வேண்டும். அந்த 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் உள்வீட்டு ஏரியலுக்கு எரிய வேண்டும்.

கெகுவாத்தான் (வலு) நிறைய, குவாலித்தி (தரம்) இல்லை. படம் கட்டம் கட்டமாக உடைகிறது

இதுதான் எங்கள் பக்கத்தில் ஆளைக் குழப்பும் கோளாறு. பழைய அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஓர் அளவு வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குக் கீழே இறங்கியதும் கட்டம் உடையும், சத்தம் விக்கும், பிறகு கறுப்புத் திரைதான். ஆகையால் நேற்று நன்றாக வந்தது என்பதற்காக நேற்று சிக்னல் நன்றாக இருந்தது என்று பொருள் இல்லை. விளிம்பில் நின்றிருக்கலாம்.

டீகோடர் மெனுவில் இரண்டு பட்டைகள் காட்டும். கெகுவாத்தான் என்பது எவ்வளவு அலை வந்து சேர்கிறது என்பது. குவாலித்தி என்பது அதில் எவ்வளவு படிக்க முடிகிறது என்பது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. முதல் பட்டை 100-ஐத் தொட்டு, இரண்டாவது 20, 30 என்று ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஸ்டரை.

ஜெராய் மலை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உயரம். பீடோங்கிலிருந்து வடமேற்கே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மலை உச்சி கண்ணுக்குத் தெரியும் வீட்டில் பூஸ்டர் எதற்கு? எலக்ட்ரிக் கடையில் ஏரியல் வாங்கப் போனால் "இதையும் போட்டுக்கோங்க அண்ணே, இன்னும் கிளியரா வரும்" என்று சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கிட்டத்திலிருந்து வரும் வலுவான அலையை மேலும் பெருக்கினால் டீகோடர் திணறிப்போகும். காதருகே ஒலிபெருக்கியை வைத்துப் பேசினால் பேச்சு புரியாத மாதிரிதான். பூஸ்டரைக் கழற்றி, ஏரியலை நேராக டீகோடரில் கொடுத்துப் பாருங்கள். கெகுவாத்தான் இறங்கும், குவாலித்தி ஏறும், படம் உடையாமல் வரும். என் கருத்தைக் கேட்டால், மலை தெரியும் வீட்டுக்குப் பூஸ்டர் தேவையே இல்லை. மலையின் மடிப்புக்குப் பின்னால் மறைந்த வீட்டுக்கும், பால்மரக் காட்டுக்கு நடுவே தாழ்வாக இருக்கும் லயத்துக்கும் அது வேண்டியிருக்கலாம். அப்படிப் போடுவதாக இருந்தால் ஏரியலுக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் போடும் வகையாக வாங்குங்கள். நீளக் கேபிளில் தேய்ந்து வந்த சிக்னலை டிவிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால் அதிலுள்ள இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

பூஸ்டர் இல்லாமலே குவாலித்தி ஆடினால், கேபிள் முனையைப் பாருங்கள். எஃப் கனெக்டரைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் ஒரே ஒரு செம்புக் கம்பி நிற்க வேண்டும், கனெக்டர் விளிம்பைவிட இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு. அதைச் சுற்றி வெள்ளை நிறத்தில் ஒரு வட்டம். வெளிவலையின் மெல்லிய இழைகள் அந்த வெள்ளை வட்டத்தைத் தாண்டி நடுக்கம்பியைத் தொடவே கூடாது. தலைமுடி அளவுக்கு ஓர் இழை தொட்டால்கூட போதும், சிக்னல் அங்கேயே செத்துவிடும். சந்தேகமாக இருந்தால் முனையை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள். வெளித்தோலை ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, வலை இழைகளைப் பின்னால் மடித்துத் தோலின்மேல் படிய விட்டு, வெள்ளைப் பகுதியைச் சீவி, கனெக்டரை அழுத்தித் திருகுங்கள். பேனாக்கத்தியால் சீவும்போது செம்பில் கீறல் விழக்கூடாது, கீறின இடத்தில் பிறகு ஒடியும்.

இதற்குப் பிறகுதான் ஏரியலைத் திருப்புவது. ஒருவர் கூரையில், ஒருவர் டீகோடர் முன்னால் போனோடு. கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, பட்டை நிலைகொள்ளச் சில விநாடி காத்திருந்து, பிறகு அடுத்த திருப்பு. விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் டீகோடர் காட்டும் எண் எப்போதும் பின்தங்கியே இருக்கும். கம்பிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா நின்றவாக்கில் இருக்க வேண்டுமா என்பதற்கு, நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டு ஏரியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று வரை சரியாக இருந்த ஏரியல் இன்று காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தால் காற்றை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். தோட்டத்துக் குரங்குகளுக்கு ஏரியல் நல்ல ஊஞ்சல்.

மழை வந்தால் போய்விடுகிறது

தட்டில் மழைக்குப் படம் போவது இயல்பு. துணைக்கோள் அலையின் அதிர்வெண் மிக உயர்ந்தது, கனமழைத் துளிகள் அதை விழுங்கும். அந்தப் பழக்கத்தில் ஏரியலும் மழைக்குப் போகும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். யுஎச்எஃப் அலையை மழை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. ஏரியல் படம் மழைக்குப் போகிறது என்றால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது.

மழை தொடங்கியதும் போய், நின்ற ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தால், ஏரியலுக்கு முன்னால் செம்பனை மட்டையோ மாமரக் கிளையோ இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த இலையைவிட ஈர இலை அலையை அதிகம் தடுக்கும். கிளையை வெட்டுங்கள், அல்லது கம்பத்தை உயர்த்துங்கள். மழை நின்று ஒரு நாள் ஆகியும் திரும்பவில்லை என்றால் தண்ணீர் கேபிளுக்குள் போய்விட்டது. கூரையில் உள்ள கனெக்டரைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருக்கும். அந்த முனையை மட்டும் வெட்டினால் போதாமல் போகலாம். வலை இழை வழியாகத் தண்ணீர் இன்னும் உள்ளே ஊறியிருக்கும், பளபளப்பான இழை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். புது முனையை மாட்டி ரப்பர் டேப் சுற்றுங்கள், சாதாரணக் கறுப்பு டேப் வெயிலில் உரிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

கூடத்தில் வருகிறது, அறை டிவியில் வரவில்லை

நடுவில் இருக்கும் பிரிப்பானைத் திருப்பி, அதில் அச்சடித்த எண்ணைப் படியுங்கள். தட்டுக்கான பிரிப்பானில் 950-2150 என்று இருக்கும். அது ஏரியல் அலைக்கு ஏற்றதல்ல. 5-1000 என்று போட்டதை வாங்குங்கள். இரண்டாகப் பிரித்தால் சிக்னல் பாதிக்கும் கீழே இறங்கும். மூன்றாவது டிவி இல்லை என்றால் நான்கு வாய் பிரிப்பான் எதற்கு?

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது

மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பியில் மாட்டிய பழைய டிவியா? டீகோடரின் வீடியோ அமைப்பில் "பால்" (PAL) என்ற வண்ண முறையைத் தேர்வு செய்யுங்கள். முடிந்தது.

ஸ்ட்ரீமிங் பகலில் ஓடுகிறது, ராத்திரி சுற்றிக்கொண்டே இருக்கிறது

ஃபைபர் வந்த தாமான் என்றால் முதலில் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். சிம் கார்டு ரௌட்டர் என்றால் கோபுர நெரிசலைச் சந்தேகப்படுங்கள். எது என்று தெரிய வேகம் பாருங்கள்: விடியற்காலை ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை, இரண்டும் ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று. எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே-க்கு 15 வேண்டும். காலையில் 40, இரவில் 3 என்று வந்தால் ஊரே ஒரு கோபுரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம், உங்கள் டிவியை மாற்றிப் பயனில்லை. இரண்டு வேளையும் நல்ல வேகம், டிவி பக்கத்தில் மட்டும் குறைகிறது என்றால் வீட்டுச் சுவர்தான் காரணம்.

சிம் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தால், சிக்னல் வலுவைக் குறிக்கும் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் காட்டும். மைனஸ் 80 என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் கஷ்டம். ரௌட்டரை டிவி மேசையில் அழகுக்கு வைக்காதீர்கள். கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில், முடிந்தால் மாடியில் வையுங்கள். ஸிங்க் கூரைக்கு நேர்கீழே வைப்பது வீண். இரண்டு மீட்டர் நகர்த்தினாலே அந்த எண் மாறக்கூடும். நகர்த்தும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏரியல் மலையைப் பார்க்கிறது என்பதற்காக ரௌட்டரையும் மலைப் பக்கம் வைக்க வேண்டாம். போன் கோபுரம் பெரும்பாலும் வேறு திசையில் இருக்கும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டு செங்கல் சுவருக்கு மேல் தாங்காது. டிவியும் ரௌட்டரும் ஒரே கூடத்தில் இருந்தால் 5. இல்லையென்றால் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ரிப்பீட்டர் வாங்குவதைவிட அது மலிவு, நிம்மதியும்கூட.

மாதத்தின் முதல் வாரம் நன்றாக இருந்து கடைசி வாரம் மட்டும் நடக்கிறது என்றால் கோட்டா தீர்ந்துவிட்டது. எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி தின்னும், 4கே 7 ஜிபி. ஆப்பிலேயே படத்தின் தரத்தைக் குறைக்கலாம். 32 அங்குல டிவியில் 4கே வைத்து யார் பார்க்கப் போகிறார்கள்?

கரண்டு போய் வந்த பிறகு எந்த ஆப்பும் திறக்கவில்லை

போனில் இன்டர்நெட் ஓடுகிறது, டிவியில் "இணைப்பு இல்லை" என்கிறது. டிவியின் தேதியைப் பாருங்கள். பழைய டிவிகள் சிலவற்றில் கரண்டு போனால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தத் தேதியை வைத்து எதிர்முனையின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியாமல் ஆப் மறுத்துவிடும். தேதியைக் கையால் சரிசெய்து, பிறகு தானியங்கி என்று மாற்றுங்கள். இதைத் தெரியாமல் ரௌட்டரை ரீசெட் செய்து பாஸ்வேர்டையும் தொலைத்தவர்கள் உண்டு.

ஒரே ஆப் மட்டும் "இந்த டிவியில் இனி இயங்காது" என்றால் டிவிக்கு வயதாகிவிட்டது. டிவியை மாற்ற வேண்டாம். எச்டிஎம்ஐ-யில் சொருகும் ஸ்ட்ரீமிங் குச்சி ஒன்று போதும். அந்தக் குச்சி தானே அணைந்து அணைந்து வந்தால், அதற்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அந்தத் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் சொருகுங்கள்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

எல்லா ஆப்பிலும் இல்லாமல் சில படங்களுக்கு மட்டும் இப்படி என்றால், அந்தப் படத்தின் ஒலி டால்பி வகை. பழைய டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அது புரியாது. குச்சியின் ஒலி அமைப்பில் "ஸ்டீரியோ" அல்லது "பிசிஎம்" என்று மாற்றுங்கள். தமிழ்ப் படம் இந்தியில் பேசினால், அது ஒலிமொழித் தேர்வு, படத்தை நிறுத்தி மெனுவில் மாற்றலாம்.

மலிவுப் பெட்டி ஒரே இரவில் செத்துவிட்டது

ஆயிரம் சேனல், ஆயுசுக்கும் பில் இல்லை என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்ற பெட்டியா? பெட்டியில் கோளாறு இல்லை. அனுமதியில்லாமல் கொடுத்த இணைப்பை யாரோ மூடிவிட்டார்கள். மலேசியாவில் 2022-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட பெட்டியை விற்பவருக்குப் பத்தாயிரம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) இரண்டு லட்சம் வெள்ளி வரை அபராதம், இருபது ஆண்டு வரை சிறையும் உண்டு. ரீசெட் செய்வதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் பாட்டிக்கு 201 கிடைக்கவில்லை

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதனாலேயே பழைய சந்தாவுக்குத் திரும்பிய வீடுகள் உண்டு. பாட்டி இத்தனை வருஷமாக 201 அடித்தால் ஆஸ்ட்ரோவின் வானவில் சேனல் வரும் என்று பழகியவர். இப்போது மூன்று ரிமோட், ஒவ்வொன்றிலும் ஐம்பது பொத்தான்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள். ஏரியலில் தமிழ் சீரியல் சேனல் கிடையாது. டிவி2-இல் தமிழ்ச் செய்தியும் சில தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. அதே டிவி2 ஆர்டிஎம் கிளிக் ஆப்பில் நேரலையாகவும் கிடைக்கும். சீரியலும் படமும் வேண்டுமென்றால் சன் நெக்ஸ்ட் போன்ற ஆப் ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்று போதும், நான்கு வேண்டாம். நான்கையும் கூட்டினால் நிறுத்திய பில்லைத் தொட்டுவிடும். இந்தியாவிலிருக்கும் உறவினரின் கணக்கை வாங்கிப் போட்டால் "உங்கள் நாட்டில் இல்லை" என்று வரும். அதுவும் கோளாறல்ல, உரிமம் நாட்டுக்கு நாடு தனி.

அப்புறம் ரிமோட். டிவி அமைப்பில் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதை ஆன் செய்யுங்கள், குச்சியின் ரிமோட்டே டிவியையும் எழுப்பும். தேவைப்படும் ஆப்பை முதல் வரிசையின் முதல் இடத்துக்கு நகர்த்துங்கள், மற்றவற்றை ஒளித்துவிடுங்கள். "ஹோம்" பொத்தானில் சிவப்பு நெய்ல் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். வழி தவறினால் சிவப்பை அழுத்து, நடுவை அழுத்து, அவ்வளவுதான் பாடம். டீகோடர் ரிமோட்டில் 1, 0, 2 தவிர மற்ற எண் பொத்தான்களை டேப்பால் மூடிவிடலாம், பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படியும் "ஆப் எல்லாம் எனக்கு வேண்டாம் கண்ணு, நம்பர் அடிச்சா படம் வரணும்" என்று சொன்னால், கூரையில் இருக்கும் அந்தப் பழைய தட்டை இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மாதச் சந்தா இல்லாத, ஆஸ்ட்ரோவின் என்ஜோய் பெட்டி 2012 முதல் இருக்கிறது, அதே தட்டில் ஓடும். கூடுதல் சேனல் வேண்டும் மாதத்தில் மட்டும் டாப்-அப் போடலாம். எந்தச் சேனல் இலவசத்தில் வருகிறது என்பதைப் பெட்டி வாங்குவதற்கு முன்பே கடையில் கேட்டு, பாட்டி பார்ப்பது அதில் இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.